பூச்சும் விருப்பும்: இந்திய இல்லங்களின் தரையிலும் சுவரிலும் மோஸ்தரின் வரலாறு

வீட்டின் வரலாறு பெரும்பாலும் அதன் கட்டமைப்பின் வரலாறாகவே எழுதப்பெற்றுள்ளது. முற்றம், திண்ணை, தூண், கூரை ஆகியன குறித்த ஆய்வுகள் பலவாக உள்ளன. கட்டி முடித்தபின் தரைக்கும் சுவருக்கும் இடப்பெறும் பூச்சு, மெழுக்கு, வண்ணம், ஓடு ஆகியன அவ்வாய்வுகளில் ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகின்றன. ஆனால் ஒரு வீட்டில் குடியிருப்போர் தம் விருப்பத்தை வெளிப்படுத்தப் பெரிதும் இடம்பெறுவது இப்பூச்சிலேயாகும். கட்டமைப்பை மனையளவும் மழையும் வெயிலும் கொத்தனாரின் பழக்கமும் பாதிக்குமேல் தீர்மானித்துவிடுகின்றன. தரையின் நிறத்தையோ சுவரின் வண்ணத்தையோ அவை தீர்மானிப்பதில்லை.

அவ்விடத்தில் மனிதர் தம் விருப்பைப் பின்பற்றினரா, பிறர் வழக்கைப் பின்பற்றினரா என்னும் வினா எழுகிறது. முற்காலத்தார் தத்தம் மண்ணுக்கும் மனத்துக்கும் ஏற்ப வீடு ஒப்பனை செய்தனர், இக்காலத்தார் விளம்பரங்களைப் பின்பற்றுகின்றனர் என்பது பலரும் கூறும் விடை. வரலாற்றுச் சான்றுகள் இவ்விடைக்குத் துணைநிற்பனவாக இல்லை. இன்று மரபு என்று போற்றப்பெறும் பூச்சுகளுள் பல, தோன்றிய காலத்தில் வெளிநாட்டு மோஸ்தர்களாகவே இருந்தன. மேலும், ஒரு பூச்சைத் தேர்வதில் தனிவிருப்புக்கு எவ்வளவு இடம் உண்டு என்பதைக் காலத்தைவிட வேறொன்றே தீர்மானித்துள்ளது. அப்பூச்சு எத்தனை நாளைக்கு ஒருமுறை, எவர் கையால் புதுப்பிக்கப்பெறுகிறது என்பதே அது.

'மோஸ்தர்' என்னும் சொல்லே இவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும். மாதிரி எனப் பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து அது தமிழுக்கு வந்தது. சன்னல், மேசை, அலமாரி, சாவி ஆகியனவும் அவ்வழி வந்தவையே. வீட்டின் உட்புறத்தைக் குறிக்கும் அன்றாடச் சொற்களுள் இத்தனை கடல்கடந்து வந்தவையாக இருப்பது தற்செயலன்று. பொருளோடு பெயரும் வந்தது. எனினும் மோஸ்தருக்கு இணையான கருத்து தமிழுக்குப் புதிதன்று. வழக்கு என்பதை உயர்ந்தோர்மேல் ஏற்றிக் கூறுகிறது தொல்காப்பிய மரபியல். அவ்விதி சொல்வழக்கு பற்றியதேயாயினும், வாழ்க்கை வழக்கு பரவும் நெறியையும் அது சுட்டுவதாகக் கொள்ளலாம். உயர்ந்தோர் எனக் கருதப்பெறுவோர் செய்வது வழக்காகிறது. ஏனையோர் போலச் செய்கின்றனர். உயர்ந்தோர் யார் என்பது மட்டும் காலந்தோறும் மாறிவருகிறது.

சங்க இலக்கியத்தில் இருவகைப் பூச்சுகளைக் காணமுடிகிறது. நெடுநல்வாடை பாண்டிமாதேவியின் அரண்மனையை விரித்துரைக்கிறது. கயிறு பிடித்துத் திசையறிந்து மனைவகுத்த நூலறிவுடையோரை முதலில் கூறி, பின்னர் உள்ளே நுழைகிறது. வெள்ளியை ஒத்த சுதைப்பூச்சு, நீலமணி போன்று கருத்துத் திரண்ட தூண்கள், செம்பினால் செய்தாற்போன்ற நெடுஞ்சுவர், அச்சுவரில் பல பூக்களோடு வளைந்தோடும் ஒற்றைக் கொடியின் ஓவியம் என்று உள்ளொப்பனை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கப்பெறுகிறது. வெள்ளி, நீலமணி, செம்பு என உவமைகள் யாவும் விலையுயர்ந்த பொருள்களாகவே இருப்பது நோக்கத்தக்கது. சுண்ணாம்பு வெள்ளியாகத் தோன்றவேண்டும் என்பதே அப்பூச்சின் நோக்கம். ஒரு பொருளை மற்றொரு பொருளாகத் தோன்றச்செய்யும் விழைவு இன்றைய பளிங்குத் தோற்ற ஓடுகளோடு பிறந்ததன்று.

மற்றொருவகைப் பூச்சைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. அந்தணர் உறைவிடத்தைக் கூறுமிடத்தில் ஆவின் சாணத்தால் மெழுகப்பெற்ற மனை சுட்டப்பெறுகிறது. இங்கு உவமை இல்லை. விலையுயர்ந்த பொருளாகத் தோன்றும் முயற்சியும் இல்லை. மெழுகும் செயல் மட்டுமே குறிக்கப்பெறுகிறது. முன்னையது கைவினைஞர் ஒருமுறை செய்து முடித்த பூச்சு. பின்னையது மனையில் வாழ்வோர் மீண்டும் மீண்டும் செய்யும் பூச்சு. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடே பின்வரும் ஈராயிரம் ஆண்டு வரலாற்றின் அச்சாக அமைகிறது. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், புகார் நகரத்து மாடங்களின் சுதைச் சுவர்களில் வல்லுநர் தீட்டிய உருவங்களைத் தெருவில் நின்று மக்கள் காண்கின்றனர். வீட்டுச் சுவரின் ஒப்பனை அப்போதே தெருவினர் காண்பதற்குரியதாகவும் இருந்தது என்பது இதனால் பெறப்படும். தன் வீட்டைத் தன் கண்ணுக்காக மட்டும் ஒப்பனை செய்தவர் எக்காலத்திலும் அரியர் போலும்.

வாழ்வோர் தம் கையால் புதுப்பிக்கும் பூச்சு இந்தியா முழுவதும் வழங்கிவந்துள்ளது. தமிழகத்தில் கோலமும் காவிப்பட்டையும், ஆந்திரத்தில் முக்கு, ஒடிசாவில் சிதா, வங்கத்தில் ஆல்பனா, இராசத்தானத்தில் மாண்டணா எனப் பெயர்கள் வேறாயினும் முறை ஒன்றே. சாணமோ செம்மண்ணோ இட்டு மெழுகிய தளத்தின்மேல் அரிசிமாவோ சுண்ணமோ கொண்டு கையால் வரைவது அது. வங்கத்து நோன்புகளோடு இயைந்த ஆல்பனா வடிவங்களை அவனீந்திரநாத் தாகூர் 1919இல் வெளியிட்ட 'பங்க்ளார் பிரத' என்னும் நூலில் தொகுத்து ஆராய்ந்தார். இவ்வடிவங்கள் தனிமனிதக் கற்பனை அல்ல. தாயிடமிருந்து மகளுக்கு வந்தவை, ஊர்வழக்குக்கு உட்பட்டவை. எனினும் ஒருத்தியின் கோலம் அடுத்த வீட்டாள் கோலத்தைப் போன்று இருப்பதில்லை. இன்று வரைந்தது நாளை அழியும் என்பதால் பிழைக்கு அஞ்சவேண்டியதில்லை. புதியதொன்றை முயல்வதற்கும் தடையில்லை. பக்கத்துத் தெருவில் கண்ட வடிவம் பிடித்திருந்தால் மறுநாளே வரையலாம், பிடிக்காவிட்டால் அதற்கு மறுநாள் கைவிடலாம். மோஸ்தர் இங்கும் உண்டு. ஆனால் அதைப் பின்பற்றுவதற்கு ஆகும் செலவு ஒருபிடி மாவும் அரைமணி நேரமும் மட்டுமே.

இம்முறையை அளவுமீறிப் போற்றுவதும் பிழையாகும். வாரந்தோறும் மெழுகும் உழைப்பு முழுதும் பெண்களின் ஊதியமற்ற உழைப்பு. முழங்காலிட்டுத் தரை மெழுகியவர்களே சிமெண்டுத் தளத்தை முதலில் விரும்பினர் என்பதில் வியப்பில்லை. மெழுகும் கை விடுதலை பெற்றபோது வரையும் கையும் வேலையிழந்தது என்பதே இதன் சிக்கல். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை விடுவது எளிதாக இருக்கவில்லை.

மிதிலைச் சுவர்களின் கதை இதனை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. பீகாரின் மதுபனிப் பகுதியில் மணமக்கள் அறையாகிய கோபர் அறையின் சுவர்களில் பெண்கள் தாமரையும் மூங்கிலும் மீனும் தெய்வங்களும் தீட்டிவந்தனர். 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் வீடுகள் இடிந்தபோது, அங்கு அலுவலராக இருந்த டபிள்யூ. ஜி. ஆர்ச்சர், பிளந்துகிடந்த சுவர்களின் வழியே அவ்வோவியங்களைக் கண்டார். 1949இல் 'மார்க்' இதழில் அவர் எழுதிய கட்டுரை அவற்றைக் கலையுலகுக்கு அறிமுகப்படுத்தியது. 1960களின் நடுப்பகுதியில் பீகாரை வறட்சி வாட்டியபோது, புபுல் ஜயகர் பொறுப்பிலிருந்த அனைத்திந்தியக் கைவினை வாரியம் ஓவியர் பாஸ்கர் குல்கர்ணியை அங்கு அனுப்பியது. பெண்கள் காகிதத்தில் வரைந்து விற்று வருவாய் பெறுமாறு அவர் ஊக்குவித்தார். பசித்த குடும்பங்களுக்கு அம்முயற்சி உணவளித்தது; சில பெண்களுக்கு நாடறிந்த பெயரையும் ஈட்டித் தந்தது. அதேவேளையில் சுவரிலிருந்து காகிதத்துக்கு மாறிய ஓவியம், தில்லியிலும் பம்பாயிலும் வண்ணம் பூசிய வரவேற்பறைகளில் சட்டமிட்டு மாட்டும் மோஸ்தராயிற்று. மழைக்குப் பின் மீண்டும் மெழுகி மீண்டும் தீட்டும் பூச்சாக இருந்தது, அழியாமல் காக்கவேண்டிய பொருளாக மாறிவிட்டது. வாங்கியவருக்கு அது தனிச்சுவையின் அடையாளம். வரைந்தவருக்கோ, வாங்குவோர் எதிர்பார்க்கும் வடிவத்தை மீண்டும் தரவேண்டிய பணி.

ஒருமுறை செய்து முடிக்கும் பூச்சின் வரலாற்றில் வணிகச் சமூகங்களுக்குத் தனியிடம் உண்டு. இராசத்தானத்தின் சேகாவதிப் பகுதியைச் சேர்ந்த மார்வாரி வணிகர்கள் கல்கத்தாவிலும் பம்பாயிலும் பொருளீட்டி, மண்டாவா, நவல்கர் போன்ற சொந்த ஊர்களில் மாளிகைகள் எழுப்பினர். மாளிகைகளின் அகச்சுவர்களிலும் புறச்சுவர்களிலும் கண்ணன் லீலைகளுக்குப் பக்கத்தில் புகைவண்டியும் மோட்டார் வண்டியும் ஒலிப்பெட்டியும் தீட்டப்பெற்றன. ஓவியர் பலர் அவற்றை நேரில் காணாமலே அச்சுப்படங்களைப் பார்த்துத் தீட்டினர் என்பர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செருமானிய வேதிவண்ணங்கள் சந்தைக்கு வந்தபோது, மண்ணிலிருந்தும் செடியிலிருந்தும் பெற்ற நிறங்கள் பின்தள்ளப்பெற்றன. ஊர் மக்கள் கண்டிராத பொருள்களைச் சுவரில் காட்டுவதே அவ்வணிகர் விரும்பிய பெருமை.

செட்டிநாட்டு நகரத்தார் இல்லங்களும் இவ்வகையினவே. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி ஆகியவற்றோடு உள்ளூர் வெண்சாந்துப் பூச்சு அங்கு ஒன்றுகூடியது. சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெண்கரு ஆகியவை சேர்த்துப் பலமுறை பூசித் தேய்த்த அச்சுவர்கள் இன்றும் கைக்கு வழவழப்பாக உள்ளன. நகரத்தாரின் பொருளாதாரம் 1930களின் உலக மந்தநிலையாலும், 1942இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதாலும் சரிந்தது. அதன்பின் அத்தகைய வீடுகள் எழவில்லை. காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் செய்யப்பெறும் பூக்கல் குறித்து இங்குச் சற்று விரிவாகக் காண்பது தகும். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து, வண்ணச் சாந்தைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து உலர்த்தி எடுக்கப்பெறும் கல் அது. சூளையில் சுடப்பெறுவதில்லை. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் முகத்துக்கு மெருகாகிறது. இன்று தமிழ் மரபின் சின்னமாக விளம்பரப்படுத்தப்பெறும் இக்கல், ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான பூவேலைத் தள ஓடுகளின் அமைப்பைப் பின்பற்றி எழுந்தது. நூறாண்டுகளுக்கு முன்பு அதனைத் தளமிட்டவர் புதுமையைப் பின்பற்றினார். இன்று அதனையே தளமிடுபவர் பழமையைப் பின்பற்றுகிறார். இருவரும் தம் காலத்து மோஸ்தரையே பின்பற்றுகின்றனர்.

விருப்பு சந்தையை வளைத்த நிகழ்வும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் முதல் நாற்பதாண்டுகளில் சப்பானிய நிறுவனங்கள் பளபளப்பான புடைப்பு ஓடுகளை இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்தன. அவாஜித் தீவைச் சேர்ந்த தான்டோ நிறுவனம் அவற்றுள் ஒன்று. தொடக்கத்தில் ஆங்கிலேய ஓடுகளின் ரோசாவையும் கொடியையும் பின்பற்றிய அவ்வோடுகளில் பின்னர்க் கண்ணனும் இலக்குமியும் கலைமகளும் இடம்பெற்றனர். இரவிவர்மா 1894இல் பம்பாயில் நிறுவிய அச்சகத்தின் படங்கள் இல்லந்தோறும் பரவியிருந்தமையால், அவ்வுருவங்களே ஓட்டிலும் ஏறின. ஐரோப்பிய வடிவம், சப்பானிய உற்பத்தி, இந்தியத் தெய்வம் மூன்றும் ஒரே ஓட்டில் கூடின. வாங்குவோரின் வழிபாட்டுணர்வுக்கு ஏற்பத் தொலைநாட்டுத் தொழிற்சாலை தன் அச்சை மாற்றிக்கொண்டது. காரைக்குடி வீடுகளிலும் குசராத்து வீடுகளிலும் இவ்வோடுகளை இன்றும் காணலாம்.

உயர்ந்தோர் வழக்காக ஐரோப்பியப் பாங்கு நிலைபெற்றதற்கு எதிர்ப்பும் எழுந்தது. கல்கத்தாவில் இராசேந்திர மல்லிக் 1835இல் கட்டத் தொடங்கியதாகக் கூறப்பெறும் பளிங்கு மாளிகை, பலவகைப் பளிங்குகளாலும் ஐரோப்பியச் சிலைகளாலும் நிறைந்தது. அந்நகரத்துச் செல்வர் இல்லங்கள் பல அதே வழியில் சென்றன. 1905இல் தொடங்கிய சுதேசி இயக்கத்தின் காலத்தில் சோராசாங்கோ இல்லத்தில் ககனேந்திரநாத் தாகூரும் அவனீந்திரநாத்தும் விக்டோரியப் பாணி அறைகலன்களை விலக்கி, இந்தியப் பாங்கில் தாழ்ந்த இருக்கைகளையும் எளிய ஒப்பனையையும் வகுத்தனர். ஈழத்துத் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, சென்னையில் வெளியான 'கலையும் சுதேசியமும்' என்னும் கட்டுரைத் தொகுதியில், வெளிநாட்டுப் பொருளை உள்நாட்டிலேயே மலிவாகச் செய்வது மட்டும் சுதேசியம் ஆகாது என வாதிட்டார். சுவையிழந்த சமூகம் தன் கைவினைஞரையும் இழக்கும் என்பது அவர் கருத்து. கருத்து வலிமையுடையதே. எனினும் அவர் பெரிதும் நோக்கியது கற்றவர் வீட்டு வரவேற்பறையை. அவ்வறையை மெழுகித் துடைத்தவர் வீட்டை அவ்வளவாக நோக்கவில்லை.

சுதேசியத்தின் மற்றொரு வடிவம் குமாரசுவாமி ஐயுற்ற வழியிலேயே சென்றது. பம்பாயில் சித்வா குடும்பத்தார் 1922இல் பாரத் தள ஓட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். ஆங்கிலேய ஓடுகளுக்கு இணையான பூவேலைச் சிமெண்டு ஓடுகளை உள்நாட்டில் செய்வதே நோக்கம். வடிவம் அயலது, உழைப்பும் பொருளும் நம்முடையவை என்பதே அவர்தம் சுதேசியம். 1937இல் இந்தியக் கட்டடக்கலைஞர் கழகம் பம்பாய் நகர மண்டபத்தில் 'இலட்சிய இல்லம்' என்னும் கண்காட்சியை நடத்தியது. வரவேற்பறை, சமையலறை, குளியலறை ஆகியன எவ்வாறு அமையவேண்டும் என்பதை ஆயத்த மாதிரிகளாகக் கண்டு மக்கள் வியந்தனர். கடற்கரைச் சாலையில் ஆர்ட் டெக்கோ அடுக்ககங்கள் எழுந்துகொண்டிருந்த காலம் அது. அக்கட்டடத் தொகுதி 2018இல் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. மாதிரி என்னும் பொருளுடைய மோஸ்தர் உண்மையிலேயே மாதிரியறையாகிய தருணம் இக்கண்காட்சி எனலாம். அதுவரை செல்வர் வீட்டைப் பார்த்து ஏனையோர் போலச் செய்தனர். இனி யாருமே வாழாத ஓர் அறையைப் பார்த்துப் போலச் செய்யலாயினர்.

சிமெண்டின் பரவலோடு இரும்பு ஆக்சைடு கலந்த சிவப்புத் தரை நடுத்தர வகுப்பின் பூச்சாயிற்று. வங்கத்தில் கறுப்புக் கரையிட்ட செந்தரை, கேரளத்திலும் தமிழகத்திலும் காவி பூத்த தரை, கருநாடகத்தில் அதனோடு பச்சையும் மஞ்சளும் எனப் பல வேறுபாடுகள் தோன்றின. இத்தரையின் அழகு கொத்தனாரின் கரண்டியில் இருந்தது. கலவை இறுகும்முன் எவ்வளவு நேரம் தேய்ப்பது, எப்போது நிறுத்துவது என்பதை ஏட்டிலிருந்து அறிய இயலாது. நன்கு தேய்த்த தரை ஆண்டுகள் செல்லச்செல்லக் கால்பட்டு மெருகேறும். தவறினால் வெடித்து நிறம் திட்டுத்திட்டாகும். பின்னர் வந்த மொசைக் தரையில் அவ்விடர் குறைவு. பளிங்குச் சில்லுகளைச் சிமெண்டில் பதித்து இயந்திரத்தால் அரைத்து மெருகிட்டால் யார் செய்தாலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே அமையும். சிமெண்டு விலைக்கும் பங்கீட்டுக்கும் இருந்த அரசுக் கட்டுப்பாடு 1982இல் ஓரளவும் 1989இல் முழுமையாகவும் நீங்கியபின் கட்டுமானம் பெருகியது. கைத்திறனை எதிர்பார்க்காத பூச்சுக்குத் தேவை பெருகியதும் அதனோடு இயைந்ததே.

இவ்விடத்தில்தான் விருப்பும் வழக்கும் இடம்மாறுகின்றன. சுண்ணாம்பு ஆண்டுதோறும் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ அடிக்கப்பெற்றது. நீலம் சற்றுக் கூடினாலோ காவி சற்று மங்கினாலோ அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளலாம். நாற்பதாண்டு நிலைக்கும் தளத்தை வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி ஒருவர் ஒருமுறைதான் இடுகிறார். தவறினால் உடைத்தெறிந்தே மாற்றவேண்டும். விற்க நேர்ந்தால் வாங்குவோர் மனமும் அதில் அடங்கியுள்ளது. ஆகவே அவர் தமக்குப் பிடித்ததைத் தேடுவதினும், பலருக்கும் பிடித்திருப்பதை அறிந்து அதில் அடைக்கலம் புகுகிறார். ஒரே தெருவில் ஒரே ஆண்டில் எழுந்த வீடுகள் ஒரே மொசைக்கையோ, பின்னாளில் ஒரே கருங்கல் சமையல் மேடையையோ கொண்டிருப்பதைச் சுவைக்குறைவு என எள்ளுதல் எளிது. அது பெரும்பாலும் அச்சத்தின் விளைவு. சேமிப்பு சிறிதாக இருக்குமிடத்தில் அவ்வச்சம் அறிவுடைமையும் ஆகும்.

போலச் செய்வதற்கு இதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டு. உள்ளொப்பனை வரலாறுகள் அதனைப் பெரும்பாலும் கடந்துசென்றுவிடுகின்றன. எல்லாருக்கும் எல்லாப் பூச்சும் உரியதாக இருந்ததில்லை. வில்லியம் லோகன் 1887இல் வெளியிட்ட மலபார்க் கையேடு, வீட்டைக் குறிக்கும் பெயரே சாதிக்கேற்ப வேறுபட்டதைப் பதிவுசெய்கிறது. அடிமைச் சாதியாரின் வீடு சாளை, கைவினைஞரது புரை அல்லது குடி, நாயருடையது வீடு, நம்பூதிரியுடையது இல்லம், அரசருடையது கோவிலகம் அல்லது கொட்டாரம். தமிழில் இயல்பாக வழங்கும் 'இல்லம்', 'வீடு' என்னும் சொற்கள் அங்கு ஏணிப்படிகளாக நின்றன. 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மாடி வீடு கட்டவும் ஓடு வேயவும் தடை இருந்தது. 1865இல் மங்களூரில் பாசல் மிஷனைச் சார்ந்த கேயார்க் பிளெப்ஸ்ட் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலை இப்பின்னணியில் வைத்து நோக்கத்தக்கது. மதம் மாறியமையால் தொழிலிழந்தோருக்கு வேலை தரும் நோக்கும் அதற்கு இருந்தது. இயந்திரத்தில் ஒரேவடிவாக வார்க்கப்பெற்ற அவ்வோடு கொங்கணக் கரையிலும் மலையாளக் கரையிலும் பரவி, நாளடைவில் அவ்வட்டாரத்தின் முகமாகவே ஆயிற்று.

அடுத்த வீட்டாரின் கூரையைப் போன்ற கூரை, அடுத்த வீட்டாரின் தரையைப் போன்ற தரை என்பது, அவை மறுக்கப்பெற்றிருந்தவருக்கு மோஸ்தர் அன்று, உரிமை. முதல் தலைமுறையாகச் சம்பளம் பெறும் ஒருவர் தம் வீட்டுத் தரைக்கு ஊர்ப் பெரிய வீட்டின் ஓட்டையே வாங்கும்போது, தனிச்சுவை இல்லாதவர் என்று அவரை மதிப்பிடுவது வரலாறு அறியாத மதிப்பீடாகும். மண்தரையை அழகியலாகக் கொள்வதற்கும் ஒருவகை வசதி வேண்டும்.

லாரி பேக்கரின் வாழ்வு இதற்கு வேறொரு கோணத்தைத் தருகிறது. 1917இல் இங்கிலாந்தில் பிறந்து 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்த அவர், காந்தியடிகளைச் சந்தித்தபோது ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளால் வீடு கட்டவேண்டும் என்று கேட்ட கருத்தைத் தம் தொழில்நெறியாகக் கொண்டவர். பூச்சு வீண்செலவு என்பது அவர் துணிபு. செங்கல் செம்மையாக அடுக்கப்பெற்றால் அதுவே சுவருக்கு அழகு. பூச்சு பெரும்பாலும் அடுக்கியவரின் பிழையை மறைக்கவே பயன்படுகிறது என்று கருதினார். 1970களில் அவர் அமைத்த திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம் இதற்குச் சான்று. ஏழைக்கு ஏற்றது என வகுக்கப்பெற்ற பூச்சில்லாச் சுவரை நடுத்தர வகுப்பினரும் அறிவாளரும் விரும்பி ஏற்றனர். ஏழைகளுள் பலர் தயங்கினர்; பூசாத வீடு முடியாத வீடு என்பது அவர்தம் கண்ணோட்டம். சிலகாலத்தில் செங்கல் தோற்றமே மோஸ்தராயிற்று. நன்கு பூசிமுடித்த சிமெண்டுச் சுவரின்மேல் செங்கல் வடிவ ஓடுகளை ஒட்டும் வழக்கம் நகரங்களில் தோன்றியது. பூச்சை நீக்கிச் செலவைக் குறைக்க எழுந்த கருத்து, பூச்சின்மேல் மற்றொரு பூச்சாக விலைக்கு வந்தது.

தாராளமயத்துக்குப் பின்வந்த காலத்தைப் பற்றி மிகுதியாகக் கூறவேண்டியதில்லை; அது அனைவர் கண்முன்னும் நிகழ்ந்தது. 1942இல் தொடங்கப்பெற்ற ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனம், ஆர். கே. லக்ஷ்மண் 1954இல் வரைந்த கட்டு என்னும் குறும்புச் சிறுவன் உருவத்தால் வண்ணப்பூச்சை இல்லந்தோறும் அறிமுகப்படுத்தியது. கடையிலேயே ஆயிரக்கணக்கான நிறங்களைக் கலந்து தரும் இயந்திரங்கள் 1990களில் பரவின. வீடு தன்னுள் வாழ்வோரைப் பற்றிப் பேசுகிறது என்னும் கருத்தை மையமாகக் கொண்ட விளம்பரத்தை அந்நிறுவனம் 2002இல் வெளியிட்டது. 2000களின் தொடக்கம் முதலே வரவிருக்கும் நிறப்போக்குகளை முன்னறிவிக்கவும் தலைப்பட்டது. உங்கள் வீடு உங்களைப் பற்றிப் பேசட்டும் என்பதும், இவ்வாண்டு இந்நிறமே பேசப்படும் என்பதும் ஒரே நிறுவனத்திலிருந்து எழுந்தன. இரண்டுக்கும் முரண் இருப்பதாக வாங்குவோர் கருதவில்லை. தனிவிருப்பு என்பதே விற்பனைக்குரிய மோஸ்தராகிவிட்டது.

தரையில் இக்காலத்தின் அடையாளம் குசராத்து மாநிலம் மோர்பியில் உருவாகும் விட்ரிஃபைடு ஓடு. நாட்டின் பீங்கான் ஓட்டு உற்பத்தியில் மிகப்பெரும் பங்கு அவ்வூரைச் சார்ந்தது. ஓட்டின் முகத்தில் எப்படத்தையும் அச்சிடும் நுட்பம் 2010களில் பரவியபின் பளிங்கும் மரமும் சிவப்புத் தரையும் ஆத்தங்குடிப் பூக்கல்லும் ஒரே சூளையிலிருந்து வெளிவருகின்றன. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் உலக மரபுடைமைத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. அங்குப் பிரித்தெடுத்த தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகள் வழியே பெருநகர உணவகங்களை அடைகின்றன. ஆத்தங்குடியில் கையால் கல் வார்ப்போர், தம் கல்லின் படத்தை அச்சிட்ட ஓட்டோடு போட்டியிடுகின்றனர்.

இவ்வளவு பேசியபின்னும் நினைவிற்கொள்ளத்தக்க கணக்கு ஒன்று உண்டு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய இல்லங்களுள் பாதிக்குச் சற்றுக் குறைவானவை மண்தரை கொண்டவை. மொசைக் அல்லது ஓட்டுத்தரை கொண்டவை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. இதழ்களும் கண்காட்சிகளும் விவாதித்த சுவைமாற்றங்களில் பெரும்பகுதி அச்சிறு பங்கினுள் நிகழ்ந்தது. கணக்கெடுப்புப் படிவத்தில் மண்தரைக்கு ஒரே குறியீடு. அது மெழுகப்பெற்றதா, வரையப்பெற்றதா என்பதற்கு அதில் கட்டம் இல்லை. சார்க்கண்டின் அசாரிபாகுப் பகுதியில் பெண்கள் மண்சுவரில் தீட்டும் சோராய்–கோவர் ஓவியத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. அவ்வோவியம் தங்கவேண்டிய மண்சுவர், அரசின் வீட்டு வகைப்பாட்டில் 'கச்சா' என்னும் தலைப்பின்கீழ் வருகிறது.

நகரத்து அடுக்ககங்களில் கட்டுநர் இட்டுத்தந்த ஒரே ஓட்டின்மேல் நூறு குடும்பங்கள் வாழ்கின்றன. வழவழப்பான தளத்தில் மாவு நிற்பதில்லை. காற்றடித்தால் பறக்கிறது, கால்பட்டால் வழுக்குகிறது. ஆகவே வாசல்களில் ஒட்டுக்கோலம் இடம்பெற்றுள்ளது. புள்ளியும் கோடும் பிழையின்றி அச்சிட்ட நெகிழித்தாள் அது. பண்டிகைக்கு முன் வாங்கி ஒட்டினால் அடுத்த பண்டிகை வரை கிடக்கும். ஓரம் உரிந்து தூசு படியும்போது சில வீடுகளில் அதனைப் பிய்த்தெறிந்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்த ஓட்டின்மேல் சுண்ணாம்புக் கட்டியால் சிறு கோலம் ஒன்று வரைகின்றனர்.